புடவைக் கடையில் உட்காருவது

அந்த நாற்காலியைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. கல்லாவுக்குப் பக்கத்தில், ஏசி காற்று நேராக விழுகிற இடத்தில், மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். "உங்களுக்குத்தாம்மா, உட்காருங்க," என்றார் பாய். திருச்சி பெரிய கடைவீதியில் அவருடைய புடவைக் கடையில் நான் வெகுகாலமாக விற்பனைக்கு நிற்கிறவள். இடுப்பு வலியால் மாதக்கணக்கில் ஸ்ரீரங்கத்து வீட்டில் கிடந்துவிட்டு, அன்றுதான் திரும்பியிருந்தேன்.

திரும்பி வருவதும் லேசில் நடந்துவிடவில்லை. வலி முழுசாகப் போகாது, ஆனால் அதோடு வேலை பார்க்கலாம் என்று சொன்ன பிசியோதெரபிஸ்ட் பெண், கடைக்கே வந்து பாயிடம் பேசினாள். வாடிக்கையாளருக்குப் புடவை காட்டும்போது நாங்கள் உட்காரக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். கால் கடுத்தாலும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும், கொஞ்ச நேரம் உட்காரட்டும், பாய். வலி ஏறதுக்கு முன்னாடியே மாத்திக்கணும். மேல் தட்டுக்கு எம்ப வேண்டாம், அவ்வளவுதான்," என்றாள்.

பாய் தாடியைத் தடவினார். "ஒரு வாரம் பார்ப்போம். முகூர்த்த சீசன் வருது. ஒத்து வரலைன்னா வேற ஆள் போட்டுத்தான் ஆகணும். தப்பா நினைக்காதீங்க."

நினைக்காமல் எப்படி இருப்பது? எங்கள் வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான்.

பாய் நல்ல மனுஷர், அதுதான் வம்பாகப் போயிற்று. உட்கார வைத்தால் வலி தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். நான் எழுந்தால் அவரும் பதறி எழுவார். ஒரு புடவையைத் தொட்டால், "பாவம், உங்களுக்கு எதுக்குக்கா?" என்று கவுன்ட்டர் பெண் பிடுங்கிக்கொள்வாள். வேளாவேளைக்கு சர்பத் வேறு! அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, சாயங்காலம் ஆனால் இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று இழுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. வலிக்கிறது என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார். சொல்லாவிட்டால், சர்பத் குடிக்கிறவளுக்கு எந்த முதலாளி எத்தனை நாள் சம்பளம் கொடுப்பார்?

வாரக் கடைசியில் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேன் பிடித்து வந்தது. கவுன்ட்டர் பெண் பட்டுகளை மலையாகக் குவித்தாள். கல்யாணப்பெண் எதற்கும் உதட்டைப் பிதுக்கினாள். அம்மாக்காரி, "வேற கடை பார்ப்போம்," என்று பையை எடுத்துவிட்டாள். நான் எழுந்தேன்.

"உட்காருங்கம்மா!"

"மாட்டேன் பாய்." கடையே திரும்பிப் பார்த்தது. "நின்னாலும் வலிக்குது, உட்கார்ந்தாலும் வலிக்குது. மாத்தி மாத்தி இருந்தாத்தான் தாங்குது. அந்த பிசியோதெரபிப் பொண்ணு தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சே! நான் விக்க வந்தவ, விருந்துக்கு வந்தவ இல்ல."

பாய் முகம் சிவந்தது. கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க இங்க விழுந்துட்டீங்கன்னா நான் யாருக்கும்மா பதில் சொல்றது? அந்தப் பயம்தான்."

"முடியலைன்னா உங்ககிட்டச் சொல்லிடறேன்."

"சொல்வீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை வாயைத் திறந்திருக்கீங்களா?"

"சொல்றேன் பாய்," என்று சொல்லிவிட்டுக் கல்யாணக் கூட்டத்திடம் போனேன்.

குவியலை ஒதுக்கிவிட்டு, "உங்களுக்கு எது பிடிக்கலை, அதைச் சொல்லுங்க," என்று கல்யாணப்பெண்ணைக் கேட்டேன். அகலக் கரை பிடிக்கவில்லை என்றாள். மெல்லிய கரை வைத்த மாம்பழ நிறப் பட்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். கண் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் வலி ஏறத் தொடங்கியது. வழக்கமாக இருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். அம்மாக்காரி விலை கேட்கிற நேரத்தில், அவள் எதிரிலேயே நான் உட்காருவதா? வியாபாரம் போனால் என் வேலையும் அதோடு போகும்.

"பாய், வலி ஏறுது. நான் உட்காரணும்."

பாய் விறுவிறுவென்று வந்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். என் கையிலிருந்த பட்டின் முந்தானையை வாங்கித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, "விலையை அவங்க சொல்வாங்க, நான் காட்டறேன்," என்றார். தாடியும் பட்டுமாக அவர் நின்ற நிற்பில் கல்யாணப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் உட்கார்ந்தபடியே விலை சொன்னேன். வலி தணிந்ததும் எழுந்து அடுத்த பட்டைப் பிரித்தேன். அம்மாக்காரி நாத்தனார்களுக்கும் சேர்த்து எடுத்தாள்.

அவர்கள் போனதும் பாய் புடவைகளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைலேருந்து ஒரு பொண்ணை வரச் சொல்லியிருந்தேம்மா, உங்க இடத்துக்கு. இப்பத்தான் போன் போட்டு வேண்டாம்னேன்."

வாரம் முடிவதற்கு முன்பே ஆள் பார்த்தாகிவிட்டதா! எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வலிக்கு ஒருநாளும் அழாதவள், கடை நடுவில் ஓவென்று அழுதேன்.