மாடி வீட்டுக்கு நான் கொடுத்த ஆஃபர்

டொரன்டோவில் தக்காளி வாங்க யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஒட்டியிருக்கும் விலையை அழுதுவிட்டு வந்துவிடலாம். ஆறு வருடம் இப்படியே வாங்கித் தின்றதில் பேரம் பேசும் நாக்கு துருப்பிடித்துப் போனது தெரியாமல் விடுப்பில் ஊருக்கு வந்தேன். நான் புறப்பட்டபோது மெட்ராஸ், திரும்பியபோது சென்னை. மயிலாப்பூர் மாடவீதியில் கீரைக்கார அம்மா சொன்ன விலையை அப்படியே நீட்டினேன். அவர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், கொறச்சிக் கேக்க மாட்டியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

இப்பேர்ப்பட்டவன்தான் முதன்முதலாக வீடு வாங்கக் கிளம்பினேன். தி. நகரில் வாடகைப் போர்ஷனில் வளர்ந்தவன் நான். சுவரில் காலண்டர் மாட்டக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பார் அப்பா. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் சொந்தச் சுவர் கிடையாது.

சாந்தோமில் ஒரு மாடி வீடு. கடற்காற்று ஜன்னலில் நுழைந்து சமையலறை வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஸ்டெல்லா டீச்சர் தனியாக இருந்தார். மேல்வீடும் அவருடையதுதான், முட்டி வலியால் மாடியேற முடியாமல் அதை விற்கிறார். தரகர் ஏழுமலை கூட்டிப்போய்க் காட்டிய அன்றே டொரன்டோவில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, "இதுதான் நம்ம வீடு" என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேறொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார், நான் மனதில் வைத்திருந்ததைவிட அதிகம் தருவதாக.

கனடாவில் வீடு வாங்கிய நண்பர்கள் எனக்கு இரண்டு வித்தைகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: குறை கண்டுபிடி, கெடு வை. நான் சுவரைத் தட்டி ஈரம் என்றேன். குழாயைத் திருகி உப்புக்காற்றுத் துரு என்றேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "டீச்சர், ஒரு ஆஃபர் தரேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்றேன்.

டீச்சர் ஏழுமலையைப் பார்த்தார். "ஆஃபர்னா? சோப்பு வாங்கினா சீப்பு தர்றானே, அதுவா?"

"இல்ல டீச்சர், விலை..."

"ஏன் தம்பி, சுவரும் சரியில்ல, குழாயும் சரியில்லங்கற. இதைப் போய் எதுக்குப்பா வாங்கணும்? வேற நல்லதா பாரேன்." கோபமே இல்லை, முழுக்க அக்கறை.

ஏழுமலை என்னை வாசலுக்கு இழுத்துப் போனார். "இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்த எடத்துல மூக்கு சப்பைன்னு சொல்லிக்கினு கீற? எவன் குடுப்பான் உனக்கு? உள்ள வந்து காப்பி குட்சிக்கினு கம்முனு குந்து."

குந்தினேன். அதன்பின் நடந்ததை இன்றும் வாய் பிளந்துதான் நினைத்துப் பார்க்கிறேன். விலையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் எந்தப் பள்ளியில் படித்தேன், மனைவிக்கு எந்த ஊர், தங்கை எங்கே இருக்கிறாள், மகளுக்குப் பனியில் சளி பிடிக்காதா என்றெல்லாம் டீச்சர் கேட்டுக்கொண்டே போனார். டொரன்டோவில் எங்கள் வீட்டுக்காரர் கேட்டது சம்பளச் சான்று மட்டும்; எனக்கு மகள் இருப்பதே அவருக்குத் தெரியுமோ என்னவோ. இங்கே கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது போல ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய் நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசியில் கேட்டார்: "வாங்கிப் பூட்டி வெச்சிடுவியா? அந்த இன்னொருத்தர் அப்படித்தான் சொல்றார். எனக்கு மேல கால் சத்தம் கேக்கணும் தம்பி. குடியிருந்தவங்க போனதுலேர்ந்து சரியாத் தூக்கமே இல்ல."

டொரன்டோவில் என் மகள் ஒரு குதி குதித்தால் கீழ்வீட்டு அம்மையார் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். பூனைபோல நடக்கப் பழகிய குடும்பம் நாங்கள். எங்கள் சத்தத்துக்காக லாபத்தை விடத் தயாராக இருக்கும் ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

"வருஷத்துக்கு ஒரு மாசம் வருவோம் டீச்சர்."

"ஒரு மாசம் வர்றதுக்கு நீ என்ன விருந்தாளியா? ஆறு."

"வேலை போயிடும். ஒன்றரை."

"நாலு."

"டீச்சர், ரெண்டுல முடி" என்று ஏழுமலை குறுக்கே விழுந்தார். "மிச்ச மாசத்துக்கு கே.கே. நகர்ல கீற இவரு தங்கச்சி குடும்பம் வந்து குந்தட்டும். இன்னா சார்?"

தங்கையைக் கேட்காமலே தலையாட்டினேன். அவளுக்கு இரண்டு பையன்கள்; குதிப்பதில் குறை வைக்க மாட்டார்கள் என்று உத்தரவாதம் கொடுத்தேன். விலையா? அது அடுத்த வாய் காப்பியில் முடிந்துபோயிற்று, நான் மனதில் வைத்திருந்த தொகைக்கே.

பத்திரம் பதிவாகி, தங்கையும் குடிவந்த பிறகு, வாசலில் என் பெயர்ப்பலகையை மாட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் 'உள்ளே', 'வெளியே' என்று காட்ட இடம் வலமாகத் தள்ளும் சிறு தகடு. விமானத்துக்குப் புறப்பட்ட அன்று பொறுப்பாக 'வெளியே' என்று தள்ளினேன். வழியனுப்ப வலியோடு மாடியேறி வந்திருந்த டீச்சர், "திரும்பி வர்றவன் எதுக்குப்பா அப்படிப் போடணும்?" என்று அதை 'உள்ளே' பக்கம் தள்ளிவிட்டார்.

யாரும் அதை மாற்றவில்லையாம். பலகையைப் பார்த்துவிட்டு மணியடித்து என்னைக் கேட்கிறவர்களுக்குத் தங்கை, "அண்ணா குளிக்கிறார்" என்று சொல்லி அனுப்புகிறாளாம். வெளியே பனி கொட்டுகிறது. இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும் நான், சாந்தோமில் இன்னும் குளித்து முடிக்கவில்லை.