குழாய் ஒரு பக்கம், சிங்க் ஒரு பக்கம்

காலை பதினொன்றரைக்குப் போன் வந்தது. கணவர் அலமாரி வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர் பேசினார். கணவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டாராம். பலகை அறுக்கும் ஜிக்ஸா எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல். இருபது வருடம் அந்த எந்திரத்திடமிருந்து பத்து விரலையும் காப்பாற்றியவரை நெஞ்சு ஏமாற்றிவிட்டது. அதற்கு ஏது பிளக் என்று நினைத்துக்கொண்டே மனைவி போனை வைத்தாள்.

தொழிலில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அடுத்தவன் வேலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அன்றைக்கு அவன் தொலைந்தான். மரத்துக்குப் பெரிய பல், தகரத்துக்குப் பொடிப் பல் என்று பிளேடுகளைத் தனித்தனி டப்பாவில் வைத்திருந்தார்; மனைவியின் பிறந்தநாள்தான் எந்த டப்பாவிலும் இல்லை. பிளாஸ்டிக் தகடு சூட்டில் உருகி, அறுத்த இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று வேகத்தைக் குறைத்துக் கொஞ்சிக் கொஞ்சி அறுப்பார். அந்தக் கொஞ்சலில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால் அவள் மயங்கி விழுந்திருப்பாள்.

அப்பேர்ப்பட்டவர் சொந்தச் சமையலறையில் கோட்டை விட்டார். ஜிக்ஸா பிளேடின் பல் மேல்நோக்கிக் கடிக்கும். மேலே இருக்கும் பக்கம்தான் பிசிறு பிசிறாகப் பெயரும். அதனால் மேடைக்கான மைக்கா ஒட்டிய பலகையைக் கவிழ்த்துப் போட்டு அறுக்கவேண்டும். முறைப்படி கவிழ்த்தார். கவிழ்த்தால் இடது வலதாகிவிடும் என்பதை மட்டும் மறந்தார். குழாய்க்கு நேரே இருக்கவேண்டிய சிங்க் ஓட்டை எதிர்க்கோடியில் விழுந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை, அது வேறு விஷயம்.

சிங்கை அங்கேயே பொருத்தி, குழாயிலிருந்து ரப்பர் டியூப் இழுத்துவிட்டார். "வெளிய மூச்சு விட்டுடாதே" என்றார்.

"ஏங்க, கண்ணாடியில பாத்தா அளந்தீங்க?" பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்பாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். கூட்டாளி எவனையும் சமையலறைப் பக்கம் விட்டதில்லை.

அவர் இறந்த அன்று கூட்டாளிகள் எல்லோரும் வந்தார்கள். அவரிடம் காலமெல்லாம் திட்டு வாங்கிய பிளம்பர், தண்ணீர் குடிக்க நேரே உள்ளே போனார். குழாயைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், சிங்கைப் பார்த்தார். துக்க வீட்டில் வரக்கூடாத ஒரு மலர்ச்சி முகத்தில் வந்தது.

"என்ன தங்கச்சி, குழாய் ஒரு பக்கம், சிங்க் ஒரு பக்கம்? நம்ம மில்லிமீட்டரா இப்படி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னாருண்ணே. நான்தான் ஜன்னல் வெளிச்சத்துல இருக்கணும்னு அடம் புடிச்சேன்."

"அதானே பாத்தேன். அவனாவது, தப்புறதாவது!" பிளம்பர் தன் ஏமாற்றத்தைத் தண்ணீரோடு விழுங்கினார். "விவரம் தெரிஞ்சவன் சொன்னா கேக்கணும்ல, தங்கச்சி?"

"என் தப்புதாண்ணே."

கல்யாணமானதிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல்முறை. கேட்கவேண்டியவர் கூடத்தில் படுத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பால்கனியில் யாருக்கோ செய்யும் வேலை என்று சொல்லி அவர் மூடி வைத்திருந்த தார்ப்பாயை விலக்கினாள். அவள் சமையலறை மேடையின் நீளத்தில் ஒரு புதுப் பலகை, கவிழ்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. சிங்குக்கான ஓட்டை இந்தமுறை, நிமிர்த்தினால் குழாய்க்கு நேரே வரும் கோடியில். மூன்று பக்கம் அறுத்தாயிற்று. நாலாவது பக்கத்தில் பென்சில் கோடு மட்டும் இருக்கிறது.