அண்ணன், தம்பி, ஒரு சிவப்பு லைட்

எந்த மாடியில் எந்த லிஃப்ட் மாட்டிக்கொண்டாலும் இறக்கிவிடுவார் அந்த மெக்கானிக். அண்ணனோடு நின்றுபோன பேச்சை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை.

சொத்துச் சண்டை என்றாலாவது ஒரு நியாயம் உண்டு. வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோ இரண்டு பேருக்கும் உயிர். அதைக் கம்ப்யூட்டரால் இயக்க லினக்ஸா, விண்டோஸா? சண்டை இதற்குத்தான், கேட்டால் சிரிப்பீர்கள்! தூரத்து ஊரில் இருக்கும் அண்ணன் விண்டோஸ் கட்சி. "போட்டோமா, பேசினோமான்னு இருக்கணும்டா" என்றார். "திறந்து பார்க்க முடியாத டப்பாவை நான் தொடமாட்டேன்" என்றார், உள்ளே பிரித்துப் பார்க்கவிடும் லினக்ஸின் கட்சியான தம்பி. தொழில் புத்தி, என்ன செய்வது? வார்த்தை தடித்தது. அதன்பிறகு, நண்பர்கள் தினமும் கூடிப் பேசும் காலை அலைவரிசையில் அண்ணன் குரலே இல்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் மெக்கானிக் லினக்ஸை ஏற்றினார். கம்ப்யூட்டரோடு இணைக்கத் தானே பற்றவைத்த வயரை ரேடியோவில் செருகிவிட்டு, புரோகிராமைத் திறந்தார். ஸ்பீக்கர் கப்சிப்.

"என்ன இன்னிக்கு ஒரு ஈ காக்காவைக் காணோம்?"

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி விடவில்லை. "உங்க அண்ணன் இருந்தா வழி சொல்லியிருப்பாரு. எல்லாம் உங்க வாய்க்கொழுப்பு."

வேறு நாளாக இருந்தால் எகிறியிருப்பார். அன்று நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார்.

"விண்டோஸ் சுலபம்னு அவரு சொன்னது நிஜம்தான். ஒத்துக்க மனசு வரல. அது கிடக்கட்டும், அவரு குரல் கேட்காம காலையில டீ கூட இறங்க மாட்டேங்குது. போய்ச் சொல்லிடாதே, தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவாரு."

"ஏங்க, ரேடியோவுல அந்த சிவப்பு லைட்டு எரியலாமா?"

எரியலாமாவா! அது எரிந்தால், மேஜை மைக்கின் முன்னால் பேசுவதெல்லாம் ஊருக்கே போகிறது என்று அர்த்தம். போகும்போது எதிர்க்குரல் எதுவும் கேட்காது, அதனால்தான் ஸ்பீக்கர் கப்சிப். லினக்ஸில் புரோகிராமைத் திறந்த கணமே, பேசும் பொத்தானை யாரோ அமுக்கிப் பிடித்ததுபோல, அந்த வயர் ரேடியோவைக் கிளப்பிவிட்டிருந்தது. திறந்து சரிபார்த்த பிறகுதான் வயரைச் செருகியிருக்க வேண்டும். அவசரக்குடுக்கை! பதறிப்போய் வயரைப் பிடுங்கினார்.

ஸ்பீக்கர் கரகரத்தது. அண்ணன்.

"தினமும் இங்கதான்டா இருக்கேன், மடையா. வாயைத் திறக்காம உன் குரலைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ லினக்ஸையே வச்சுக்கோ. விண்டோஸா இருந்தா இதெல்லாம் என் காதுல விழுந்திருக்குமா?"

மெக்கானிக் மைக்கை இழுத்தார். அவசரத்தில் பொத்தான் அகப்படவில்லை. மனைவிதான் எட்டி அழுத்தினாள்.

"அண்ணா" என்றார்.