தாமசம் இல்லை

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்திலிருந்து பிரித்து விற்ற ஒரு சரிவில் ரிசார்ட் கட்டினார்கள். நான் அங்கே சைட் இன்ஜினியர். மலையை வெட்டி, மரங்களைச் சாய்த்து, மண்ணை லாரி லாரியாக அனுப்பிய பிறகு, இந்தக் கட்டிடம் இயற்கைக்கு உற்ற நண்பன் என்று ஒரு சான்றிதழ் வாங்கவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதை வாங்கிக் கொடுப்பதற்கென்றே கொச்சியிலிருந்து ஓர் ஆலோசகர் வருவார். அவர் ஒருவர் வருவதற்கு ஏழு பேர் உட்காரும் வண்டி மலையேறும். இறங்கியதும் கார்பனைக் குறைப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பாதி வேலை முடிந்திருந்தபோது பசுமைக் கட்டிட விதிகளைத் திருத்திவிட்டார்கள். பழைய விதிப்படி தரைக்கு மூங்கில் பலகை போட்டால் சான்றிதழுக்குப் பாயிண்ட் உண்டு. ஆகவே, மூங்கில் காடாக வளரும் எங்கள் இடுக்கி மாவட்டத்துக்குக் கப்பலில் மூங்கில் பலகை வந்து சேர்ந்திருந்தது. புதிய விதியோ பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கேட்டது. பலகைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வேறு தரை தேடினோம். வெளிச்சம் வந்தால் தானாக அணையும் விளக்கும் வேண்டுமாம். நட்டநடுப் பகலில் எதிரே வருபவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும் ஊர் இது. அந்த விளக்குகள் அணைந்து நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் நக்கலடித்துக்கொண்டே எல்லாப் படிவங்களையும் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தவள் நான். என் படிப்பு அதற்குத்தான் உதவியது.

சரிவின் ஓரத்தில் எட்டு அறைகளோடு ஒரு பழைய லயம் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடு. நானும் அப்படி ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அதை இடிப்பதென்று முடிவாகி, சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டதும் நான்தான். புதிய விதி வந்ததும் கதை மாறியது. ஆளில்லாமல் கிடக்கும் பழைய கட்டிடத்தை இடிக்காமல் பயன்படுத்தினால் கொழுத்த பாயிண்ட். ஒரே வாரத்தில் லயம் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. ஆலோசகர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்து மெய்மறந்து நின்றார். விடியற்காலையில் பொதுக் கக்கூஸ் வாசலில் வாளியோடு வரிசையில் நின்றிருந்தால் அந்தப் பாரம்பரியம் அவருக்கும் புரிந்திருக்கும். சிவப்புக் குறியை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன்.

ஒரே ஒரு சிக்கல், கடைசி அறையில் ஆள் இருந்தது. கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா, புருஷன் இறந்த பிறகு தனியாக மூன்று கோழிகளோடு அங்கே குடியிருந்தார். சாகும்வரை இருந்துகொள்ளலாம் என்று தோட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். போக வேறு போக்கிடம் கிடையாது. லயத்தை இடிப்பதாக இருந்தவரை, அவருக்கு வேறெங்காவது ஓர் அறை கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. ஆளில்லாத கட்டிடம் என்று எழுதிவிட்டால், இல்லாத ஆளுக்கு அறை எதற்கு?

ஆலோசகர் மலையாளத்தில் அடித்த ஒரு தாளோடு லயத்துக்கு வந்தார். என்னையும் கூட்டிப் போனார். பெரியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஓட்டை விழுந்த கூரையைக் காட்டினார்.

"பாப்பா, மழைக்கு முந்தி இந்தத் தகரத்த மாத்திருவாகளா, இல்ல தாமசம் ஆகுமான்னு கேளு."

கேட்டேன். ஆலோசகர் காதில் வாங்கவே இல்லை. தாளை என்னிடம் நீட்டி, "இவிடெ தாமசம் இல்லா, அத்ரேயுள்ளு. ஒப்பிடான் பற" என்றார்.

மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பது. தாமதத்துக்கும் அதே சொல்தான். எங்கள் தமிழில் தாமசம் என்றால் தாமதம் மட்டுமே. இங்கே யாரும் குடியில்லை என்று அந்தத் தாள் சொன்னது; அதில் பெரியம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

"என்ன சொல்றாரு பாப்பா?"

"தாமசம் இல்லன்னு எழுதியிருக்கு, பெரியம்மா."

அவர் முகம் மலர்ந்துபோனது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

நான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. ஜீப்பில் திரும்பும்போது எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். என்னவொரு கெட்டிக்காரத்தனம்! ஆலோசகருக்காவது தமிழ் தெரியாது. அருவருப்பாக இருந்தது. இருந்தும் அன்று சாயங்காலமே அந்தத் தாளை ஸ்கேன் எடுத்து சான்றிதழ் விண்ணப்பத்தோடு ஏற்றியது நானேதான்.

சில வாரம் கழித்து, ஆளில்லாத கட்டிடத்தில் கிடக்கும் சாமான்களை அகற்றும்படி நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரியம்மா அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு சைட் ஆபீசுக்கு வந்தார். படித்துச் சொன்னேன்.

"ஆள் இல்லன்னு எவன் சொன்னான்?"

"நீங்க கையெழுத்துப் போட்டதே அதுக்குத்தான், பெரியம்மா."

"எனக்கு வெளங்கல. ஒனக்கு வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

நோட்டீஸை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே சான்றிதழ் கொடுப்பவர்களுக்கு எழுதினேன். அந்தக் கட்டிடத்தில் ஒருவர் குடியிருக்கிறார், விஷயத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினோம், சொல்லாமல் விட்டது நான். லயத்துக்கான பாயிண்டை அவர்கள் வெட்டினார்கள். அது போனபின் லயம் யாருக்கும் வேண்டாததாகி, நோட்டீஸும் தானாக அமுங்கியது. ஆலோசகர் அழகான ஆங்கிலத்தில் என்னைத் துரோகி என்றார். ஒரு படி குறைந்த சான்றிதழ் வந்தது. அதையும் தங்க நிறச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நிரப்பவேண்டிய படிவங்கள் இன்னும் நிறைய இருந்தன.

அதன்பின் ஒருநாள் லயத்துக்குப் போனேன். பெரியம்மா வாசலில் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எந்தா மேடம்?"

வில்லேஜ் ஆபீசரிடமும் போலீஸ்காரரிடமும் தோட்டத்து ஆட்கள் பேசும் மலையாளம் அது.

"தகரம் மாத்தச் சொல்லியிருக்கேன், பெரியம்மா."

"சரி மேடம். வல்ய உபகாரம்."

மழை வருமா, கோழி முட்டை வைக்கிறதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் தமிழில் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாக, மலையாளத்திலேயே பதில் சொன்னார்.