ஷூவைக் கழற்றாதீங்க

எங்கள் ஊரில் பிஸேர்கா வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவ வீட்டுத் தரையில கொட்டிச் சாப்பிடலாம்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிஸேர்கா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மியோத்ராகின் மனைவி. அந்தத் தரையை அவள் எப்படித் தேய்க்கிறாள் என்று இவர்களில் ஒருத்தராவது பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்திருக்கிறேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, வாளித் தண்ணீரில் ரத்தம் கலந்திருக்கும். "இன்னும் போகலை ஸ்தானா, இன்னும் போகலை" என்று என் பேரைச் சொல்லி அழுதுகொண்டே தேய்ப்பாள். இதற்குப் பெயர் சுத்தமாம். பாராட்டு வேறு.

நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது அவள் இப்படி இல்லை. மொராவா ஆற்று மணலில் உட்கார்ந்து, தர்ப்பூசணியை முழங்காலில் மோதி உடைத்து, கையெல்லாம் மணலோடு தின்றவள். மகள் துன்யா கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே ஒரு நர்ஸ், "கையைக் கழுவிட்டுத்தானே பிள்ளையைத் தொட்டீங்க?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தக் கேள்வி மட்டும் பிஸேர்காவை விட்டுப் போகவே இல்லை.

ஊரார் தொட்ட கடிதங்களைத் தொட முடியாமல் தபால் நிலைய வேலையை விட்டாள். பால் வண்டி ஓட்டும் மியோத்ராக் நிலவறையில் உடை மாற்றிய பிறகுதான் மேலே ஏற வேண்டும். துன்யா வளர்ந்து மாட்டு டாக்டருக்கு உதவியாளராகப் போனாள். அவளுடைய நிலைமைதான் மோசம். வேலை முடிந்து வந்தால் வாசலோரத்தில் நின்று, போட்டிருக்கும் துணியையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே குளியலறைக்கு ஓட வேண்டும். சிறைக்கு வரும் கைதியைக்கூட இப்படி நிறுத்தமாட்டார்கள். சென்ற வசந்தத்தில் ஒருநாள் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சித்தி, அந்த வீட்ல நான் மகள் இல்லை, கிருமி" என்றாள்.

பிஸேர்காவை ஊர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த மனுஷன் ஏதோ மாத்திரை எழுதிவிட்டு, "என் பொண்டாட்டிக்கும் இதுல கொஞ்சம் வந்தா நல்லாயிருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பைப் பாருங்கள். எங்கள் நாத்தனார் தெசாங்கா அதற்கு மேல். "எங்கம்மா இருந்தா இந்த மருமகளைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பா. இதை வியாதின்னு ஊர்ல சொல்லி எங்க மானத்தை வாங்காதே" என்று என்னிடம் பாய்ந்தாள்.

கடைசியில் துன்யாதான் இணையத்தில் தேடி, பெல்கிரேடில் இருக்கும் தெயோதோரா என்ற மனநல நிபுணரைப் பிடித்தாள். பேருந்துக் கம்பியைத் தொட முடியாதவள் பெல்கிரேடுக்கு எப்படிப் போவாள்? அதனால் எல்லாம் கைப்பேசியில்தான். முதல் நாள் பிஸேர்கா கைப்பேசியைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க முகம் மங்கலா தெரியுதே, போன் உறைக்குள்ள இருக்கா?" என்றார் டாக்டரம்மா. சின்னப் பெண்தான்.

"ஆமாம். அழுக்கு."

"சரி. இன்னிக்கு அந்த உறையை மட்டும் எடுப்போம். எடுத்துட்டுக் கையைக் கழுவாம என்கூடப் பேசிட்டே இருங்க. பயம் ஏறும். ஏறட்டும், நாம அதை விரட்ட வேண்டாம். தானா இறங்கும், பாருங்க."

"இறங்கலைன்னா?"

"நான் எங்கயும் போகலை."

பிஸேர்கா உறையை எடுத்தாள். வேர்த்து, வாய் உலர்ந்து, நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணும் ஆகாதுக்கா, சுத்தமாத்தான் இருக்கு" என்று நான் வாயைத் திறந்தேன். "அதைச் சொல்லாதீங்க. நீங்க சொல்ற ஆறுதலும் கை கழுவற மாதிரிதான், அப்போதைக்கு அடங்கும், மறுபடி கேட்கும்" என்று டாக்டரம்மா கைப்பேசிக்குள்ளிருந்து என்னை அடக்கினார். வெகுநேரம் கழித்து பிஸேர்கா நிமிர்ந்து, "டாக்டரம்மா, உங்க பின்னாடி பூனை திரைச்சீலையைக் கிழிக்குது" என்றாள். அவள் வேறெதையோ கவனித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

இப்படியே வாரா வாரம். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள், நிலவறைக்குப் போவாள், ஷூவின் அடிப்பகுதியைத் தொடுவாள், அந்தக் கையோடு ரொட்டி சாப்பிடுவாள். நோய் குடியிருந்தது அந்த வீட்டில். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. சில நாள் தோற்றாள். தோற்ற நாளில் விடிய விடியக் கழுவினாள். மறுவாரம் மறுபடி உட்கார்ந்தாள்.

நவம்பரில் எங்கள் குடும்பப் புனிதரின் நாள், ஸ்லாவா, வந்தது. அது மூத்தவர் வீட்டில்தான் நடக்கும். யாரையும் அழைக்க மாட்டோம். வர வேண்டியவர்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாரையும் ஷூவோடு உள்ளே விடுவது, துன்யாவையும் வேலைத் துணியோடு அப்படியே வரச் சொல்வது என்று பிஸேர்காவும் டாக்டரம்மாவும் முடிவு செய்தார்கள். "அதை மட்டும் செஞ்சுட்டேன்னா என் பொண்ணு வீட்டுக்கு வந்துருவா" என்றாள் என்னிடம்.

ஒன்றை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரி வாசலில் நின்று, "ஷூவைக் கழற்றாதீங்க, அப்படியே வாங்க" என்பாள். வந்தவர், "அதெப்படி" என்று கழற்றுவார். இது காலங்காலமாக நடக்கும் மரியாதை நாடகம். யாரும் அதை நிஜமாகச் சொல்வதில்லை.

அன்று மழை. ஊரெல்லாம் சேறு. பிஸேர்கா வாசலில் நின்று, குரல் நடுங்க, "கழற்றாதீங்க, அப்படியே வாங்க" என்றாள்.

"உன் வீட்லயா? நல்லா சொன்னே போ" என்று கழற்றினார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நிஜமாத்தான் சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

அடுத்தவரும் கழற்றினார். அதற்கடுத்தவரும். வாசலில் ஷூக்கள் குவிந்தன. ஒவ்வொருவரும் காலுறையோடு உள்ளே போனபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அந்த நிம்மதிதான் அவள் நோய்க்குத் தீனி என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மாதக்கணக்கில் பட்ட பாட்டையெல்லாம் மரியாதை என்று சொல்லியே மிதித்துப்போட்டார்கள்.

ஸ்லாவா ரொட்டியை வெட்டப் பாதிரியார் வந்தார். எந்த வீட்டிலும் அவர் ஷூவைக் கழற்றியதில்லை. இவராவது சேற்றோடு நடப்பார் என்று நம்பி நின்றேன். அவரும் குனிந்து கழற்றினார். ஓட்டைக் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. "தெசாங்கா போன் பண்ணிச் சொன்னாங்க, இந்த வீட்ல கவனமா இருக்கணும்னு" என்றார்.

நான் சமையலறைக்குப் போய் நாத்தனாரைப் பிடித்தேன்.

"அண்ணி, உங்களை யாரு கேட்டா?"

"அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதானே செஞ்சேன்."

"இத்தனை வருஷமா நல்லது பண்ணிப் பண்ணியே அவளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துட்டீங்க. இன்னும் அடங்கலையா?"

"நாளும் கிழமையுமா வாயை அடக்குடி" என்றாள். அடக்கியிருக்க மாட்டேன். அதற்குள் வாசலில் துன்யா குரல் கேட்டது.

கன்று ஈன்ற தொழுவத்திலிருந்து நேராக வந்திருந்தாள். ஷூவில் சாணி, முழங்கால் வரை சேறு. கையில் பிளாஸ்டிக் பையைத் தயாராக வைத்திருந்தாள்.

"கழற்றாதே" என்றாள் பிஸேர்கா.

"பரவாயில்லைம்மா" என்று துன்யா குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். "கழற்றும்மா, கழற்று, உங்கம்மா பாவம்" என்று உள்ளேயிருந்து நாலைந்து பேர்.

பிஸேர்கா காலுறையோடு வெளியே இறங்கினாள். ஈர ஷூக்களின் குவியலை மிதித்துக்கொண்டு போய் மகள் முன்னால் மண்டியிட்டாள். ஷூவிலிருந்த சாணி அவள் கையில் அப்பியது. முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவிழ்ந்த கயிற்றை அந்தச் சாணிக் கையாலேயே மறுபடி கட்டினாள். எழுந்து, அதே கையால் துன்யாவின் கையைப் பிடித்து, கம்பளத்தின் மேல் நடத்திக்கொண்டு மேசைக்கு வந்தாள். ஸ்லாவாவுக்கு வேகவைத்த கோதுமையை மகளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். தானும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

தெசாங்கா துணியை எடுத்துக்கொண்டு கம்பளத்தைத் துடைக்க ஓடிவந்தாள்.

"விடுங்க அண்ணி" என்றாள் பிஸேர்கா. முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அது என் பொண்ணு நடந்து வந்த தடம். யாரும் துடைக்கக் கூடாது."

நான் வெளியே போனேன். என் பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டு, முற்றத்துச் சேற்றில் ஒரு நடை நடந்து, தெசாங்கா பார்க்கப் பார்க்க உள்ளே வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பின்னால் பாதிரியாரும் எழுந்து போய்த் தன் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார்.

சாயங்காலம்வரை பிஸேர்கா அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுவவில்லை. துன்யா அன்று எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.