சாமியிடம் கேட்ட பாடம்

பி.ஏ. என்றால் பி.ஏ.தான், அதற்குள் பிரிவு வேறா என்று கேட்கிற ஊர் அது. வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே உள்ள சிற்றூர். அதில் ஏதோ ஒரு பாடத்தை மெயின் என்று எடுத்து மூன்று வருஷமும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்ற விவரமே திருப்பதியின் புண்ணியத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது.

திருப்பதி, கண்ணாத்தாளின் பெரியப்பா மகன். எக்கனாமிக்ஸ் எடுத்தான். பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டான். ஊர் சும்மா இருக்குமா? 'எக்கனாமிக்ஸ்' என்றே அவனுக்குப் பேர் வைத்துவிட்டது. டீக்கடையில், களத்துமேட்டில், கோயில் வாசலில், போகிற இடமெல்லாம் அந்தப் பேர். அவமானம் தாங்காமல் ஒருநாள் ஊரை விட்டே போய்விட்டான். அவன் புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பாடம் ராசியில்லாதது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

1961இல் பி.யு.சி. தேறிய கண்ணாத்தாள் கேட்டது அந்த ராசியில்லாத பாடத்தைத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு வருஷம் கண்மாய் நிரம்பி, வயல் கொள்ளாமல் விளைந்தது. அந்த வருஷம்தான் அவள் அப்பா வெள்ளைச்சாமி நெல்லை அடிமாட்டு விலைக்குப் போட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்திருந்தார். விளையாத வருஷம் கஷ்டப்படுவது அவளுக்குப் புரிந்தது. விளைந்த வருஷமும் ஏன் கஷ்டம் என்று புரியவில்லை. பி.யு.சி.யில் கொஞ்சம் படித்த எக்கனாமிக்ஸில் அதற்கு விடை இருக்கிற வாசல் மட்டும் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு.

வெள்ளைச்சாமி ஹிஸ்டரி எடு என்றார். ஹிஸ்டரி படித்தால் வாத்தியாரம்மா வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பாவும் மகளும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவர், கிணறு வெட்டுவதற்கும் மாடு பிடிப்பதற்கும் செய்கிற வேலையையே இதற்கும் செய்தார். ஐயனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். சிவப்பு அரளி வந்தால் ஹிஸ்டரி, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் அவள் கேட்ட பாடம். கண்ணாத்தாள் ஒப்புக்கொண்டாள். ஐயனார் நியாயஸ்தர் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

கல்லூரியில் சேர்வதற்குக் கடைசி நாளன்று காலையில் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளைச்சாமியே பூவரச இலையில் இரண்டு பொட்டணம் கட்டிச் சாமி காலடியில் வைத்தார். பூசாரி செல்லமுத்து கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். இலையைப் பிரித்தால் அரளி. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கக் கூடாது, கண்மாயில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெள்ளைச்சாமி அதை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கரையேறினார்.

அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். கண்ணாத்தாளுக்குச் சாமி சொன்னதை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் ஒருபக்கம், மூன்று வருஷம் வேண்டாத பாடத்தோடு மாரடிக்க வேண்டுமே என்ற துக்கம் மறுபக்கம்.

கல்லூரியில் மேஜைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த கிளார்க், ஒருமுறை பதிந்துவிட்டால் மாற்ற முடியாது என்று எல்லாரிடமும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். கண்ணாத்தாளின் முறை வந்தது. என்ன மெயின் என்று பேராசிரியர் கேட்டார்.

'ஹிஸ்டரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எக்கனாமிக்ஸ் சார்."

பின்னால் நின்ற வெள்ளைச்சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கக் கேட்ட வார்த்தை. அவர் துண்டை முறுக்குவது அவளுக்குத் திரும்பாமலே தெரிந்தது. பேராசிரியர் விடவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் அதிகம் கேட்காத பாடமாயிற்றே, ஏன் என்றார்.

"நல்லா வெளைஞ்ச வருசந்தான் சார் எங்கப்பா களத்துல தலையில துண்டைப் போட்டு உக்காந்திருந்தாங்க. அது ஏன்னு எனக்குத் தெரியணும்."

கிளார்க் பேனாவை எடுக்காமல் வெள்ளைச்சாமியைப் பார்த்தார். தகப்பனார் என்ன சொல்கிறார் என்று பேராசிரியரும் கேட்டார். வெள்ளைச்சாமி முறுக்கிய துண்டை மெல்லப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அவ சொன்னதையே போட்டுருங்க."

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் கண்ணாத்தாள் நின்றுவிட்டாள். சாமி குத்தம் ஆகிப்போச்சே, ஆத்தாளுக்கோ அப்பாவுக்கோ ஏதாவது வந்துவிட்டால் என்று அழ ஆரம்பித்தாள். இப்போதே உள்ளே போய்க் கெஞ்சியாவது மாற்றிக்கொள்கிறேன் என்று திரும்பினாள். வெள்ளைச்சாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாமி ஒண்ணும் சொல்லல ஆத்தா. ரெண்டு பொட்டணத்துலயும் அரளிதான் வச்சேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒன்னையும் ஊரு சிரிச்சிருமோன்னு பயந்துட்டேன். பொய் சொன்னது நானு, ஐயனார்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போயி அந்த நெல்லு சமாச்சாரத்தைப் படி."

வெள்ளிக்கிழமை அவர் தனியாகக் கோயிலுக்குப் போனார். என்ன பேசினார் என்று வீட்டில் சொல்லவில்லை.

கண்ணாத்தாள் தேறினாள். பிறகு புதுக்கோட்டையில் வேலைக்கும் போனாள். ஊர் அவளையும் 'எக்கனாமிக்ஸ்' என்றுதான் கூப்பிட்டது, ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் பரீட்சை தேறிய வருஷம் மறுபடியும் கண்மாய் நிரம்பி அமோகமாய் விளைந்தது. அறுப்பு முடிந்த கையோடு நெல்லைப் போடுவதா, வைத்திருப்பதா என்ற கேள்வி வந்தபோது, வெள்ளைச்சாமி பூக்கட்டப் போகவில்லை. மகள் சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்படி வாசலில் காத்து நின்றார்.

"என்ன ஆத்தா செய்யலாம்?" என்று கேட்டார்.