வெயிலில் காயவைத்த கேம் மெஷின்

சூட்டில் பிளாஸ்டிக் வளையுமா என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். ஆடும்போது உண்டாகிற சூட்டில் வளையாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சித்திரை மாதத்தில், மொட்டைமாடி சிமெண்டுத் தரையில், கறுப்புத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்து, மேலே ஒரு செங்கல்லையும் ஏற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனால் கட்டாயம் வளையும். அந்த வேலையைச் செய்தவன் நான்தான்.

கேம் மெஷின் என் மனைவியுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு எதற்கு இந்த விளையாட்டுச் சாமான் என்று சிரித்தவர்கள் உண்டு. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்திக் குழாயை மாட்டிவிடுவார்கள். அது முடிகிற வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. துணைக்கு ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த ஒருவர் நான். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று வருஷமாக உட்கார்ந்து என் முதுகு அதற்கேற்ற மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் தை மாசத்தில் அவள் போதும் என்று சொல்லிவிட்டாள்.

"நாலு மணி நேரம் மேல மோட்டுவளயப் பாத்துக்கினு படுத்திருக்க என்னால முடியாது. என்னை வுட்டுடுங்க."

கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. இரண்டு முறை போகவில்லை. அதற்குள் முகம் வீங்கி, படுத்தால் மூச்சுவிட முடியாமல், உட்கார்ந்தபடியே கிடந்தாள். வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு அவள் பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு முறை அப்படி அடம்பிடித்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லத் தேவையில்லை, எனக்கே தெரியும்.

குவைத்தில் வேலை பார்க்கிற அவளுடைய தம்பி இதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த கேம் மெஷினைத் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பினான். வலது பக்கத்துப் பொத்தான்களை மட்டும் வைத்தே ஆடுகிற மாதிரி அதில் ஏதோ மாற்றியிருந்தான். மேலேயிருந்து கலர் கலராகக் கற்கள் விழும். ஒரே கலர் மூன்று சேர்ந்தால் மறைந்துவிடும். வயிற்றின்மேல் ஒரு தலையணை, தலையணைமேல் மெஷின், அதன்மேல் அவளுடைய வலது கட்டைவிரல். "த பாரு, மறுபடியும் பச்சக் கல்லே வருது" என்று அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். நாலு மணி நேரம் ஓடிவிடும்.

எனக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. இதை மறைப்பானேன்? விடிவதற்குள் எழுந்து கரும்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, மாட்டைக் கவனித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து சேருகிறவனுக்குக் கொஞ்ச நேரம் கண்ணை மூட முடிந்தது.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பி வரும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. பை முழுக்க நனைந்துவிட்டது. வீட்டில் வந்து பார்த்தால் மெஷினில் வெளிச்சமே வரவில்லை. போனில் தம்பி சொன்னான்: "அரிசில போட்டு வைங்க மாமா. ரெண்டு நாளு தொடாதீங்க." அரிசி டிரம்மில் புதைத்தேன். ஆனால் வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும். அது இல்லாமல் அவளை எப்படிக் கூட்டிப்போவது என்ற கவலையில் புதன்கிழமை காலையிலேயே வெளியே எடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எது நனைந்தாலும் ஒரே வைத்தியம்தான். நெல் நனைந்தால் வெயில், மெத்தை நனைந்தால் வெயில், பட்டா நகல் நனைந்தால்கூட வெயில். மாடியில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மெஷினையும் வைத்தேன். மலையிலிருந்து இறங்கிவருகிற குரங்குகள் தூக்கிக்கொண்டு போய்விடப் போகின்றன என்று தார்ப்பாயின் ஒரு மூலையை இழுத்து அதை மூடினேன். காற்றில் தார்ப்பாய் பறந்தது. அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். கவனமாகத்தான் எல்லாவற்றையும் செய்தேன். பிறகு கீழே போய்ப் பழையது சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அடித்துப்போட்ட மாதிரி தூக்கம்.

நாலு மணிக்கு எடுத்தபோது தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது. செங்கல் அமுக்கியிருந்த பக்கம் கீழ்நோக்கி வளைந்திருந்தது. பின்பக்க மூடி உப்பிப் பிளந்திருந்தது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்போதே கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் செய்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், அடுப்பு மேல வெச்சிட்டீங்களா?"

"வெயில்லதாங்க வெச்சேன்."

"வெறும் வெயிலுக்கு இவ்ளோ வளையாதே."

தார்ப்பாயையும் செங்கல்லையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி. "கறுப்புத் தார்ப்பாயி சூட்டப் புடிச்சி வெச்சிக்கும் சார். கீழ சிமெண்டுத் தரை வேற. பிளாஸ்டிக்கு எளகினப்போ கல்லு அழுத்தியிருக்குது" என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். உப்பியிருந்த பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்தார். "இத்த சார்ஜ்ல போட்டிருந்தீங்கன்னா பத்திக்கினு இருக்கும்." வேறு பேட்டரி போட்டுப் பார்த்தார். வெளிச்சம் வந்தது. கற்கள் விழுந்தன. ஆனால் வலது பக்கத்தில் ஒரு பொத்தானும் அமுங்கவில்லை, உள்ளேயிருந்த சர்க்யூட் பலகையும் விரிசல் விட்டிருந்தது.

"ரைட் சைடு போயிடுச்சி சார். லெஃப்ட்டு நல்லாக்கீது. லெஃப்ட் கையில ஆடிக்கச் சொல்லுங்க."

அந்த இடது கையில்தான் ஊசி என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்து, யூரியா மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

"இன்னும் காயல, கடையில குடுத்திருக்கேன்" என்று அவளிடம் சொன்னேன். வியாழக்கிழமை அவள் வெறும் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சனிக்கிழமையும் அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் தலைகூட வாராமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல" என்றாள்.

தை மாசத்து முகம் கண்முன்னால் வந்து நின்றது. இனி மறைத்துப் பயனில்லை என்று மூட்டைக்குப் பின்னாலிருந்ததை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். "நான்தான் கெடுத்துட்டேன். வெயில்ல வெச்சி வளைச்சிட்டேன். தம்பிகிட்டச் சொல்லி வேற வாங்கியாரச் சொல்றேன். இன்னைக்கு மட்டும் வா."

அவள் அதைத் தொடவில்லை. "மூட்டைக்குப் பின்னால வெச்சப்பவே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டு? இது போனா போவுது. நீங்க ஏன் கண்ண மூடிக்கினு குந்தியிருக்கீங்க? தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? மின்னெல்லாம் எதுனா பேசிக்கினு இருப்பீங்க. இது வந்ததுலேருந்து ஒரு பேச்சுக் கெடையாது. ஒரு வருசமா அந்தக் கல்லுங்ககிட்டதான் பேசிக்கினு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. அப்பறம் நான் எதுக்கு வரணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் கூட வருகிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? "நானும் மனுசன்தானே? எனக்கு அசதியா இருக்காதா?" என்று கத்திவிட்டேன்.

"இருக்கும். எனக்கும் இருக்குது" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மெஷின் வந்த நாளிலிருந்து நான் அவளிடமிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். அதை அவள் கணக்காகக் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"கெளம்பு. பேசறேன்" என்றேன்.

"இன்னா பேசுவீங்க?"

"தெரியல."

அவள் சுவரைப் பிடித்து எழுந்து சீப்பைத் தேடப் போனாள். எப்படியோ பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

ஊசி போட்டு, குழாய் மாட்டி, நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பேச ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. கண் வேறு தானாகச் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

"காத்தால கரும்புக்குத் தண்ணி மாத்தப் போனேன்" என்றேன். "வாய்க்கால்ல தண்ணி ரொம்பக் கம்மி."

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பறம்?" என்றாள்.